டயரின் பக்கவாட்டில் இருந்த 44

கார் வாங்கி ஓராண்டு வரை, காற்றழுத்த அளவை நான் தவறான இடத்திலிருந்தே படித்துக்கொண்டிருந்தேன். டயரின் பக்கவாட்டில் 44 பி.எஸ்.ஐ. என்று பொறித்திருந்ததைப் பார்த்து, அதில் கொஞ்சம் குறைத்து 40 வைப்பது பாதுகாப்பு என்று நானே முடிவுசெய்துகொண்டேன். அந்த எண் டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு மட்டுமே என்பதும், காருக்கு வேண்டிய அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டப்பட்டிருக்கும் என்பதும், டயர் மாற்றப் போன இடத்தில்தான் தெரிந்தது. அங்கிருந்த மெக்கானிக் என் விரலைப் பிடித்து டயரின் குறுக்கே வைத்தார். ஓரங்களில் பள்ளம் ஆழமாகவும் நடுவில் ஏறக்குறைய வழவழவென்றும் இருந்தது. "காற்று கூடினால் நடுப்பகுதி தேயும், குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும், சார்" என்றார். தூணில் இருந்த அளவோ 33.

இரண்டாவது தவற்றை, 33 என்ற எண்ணைச் சரியாகத் தெரிந்துகொண்ட பிறகே செய்தேன். நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு பெட்ரோல் பங்க்கில் பார்த்தபோது மீட்டர் 37 காட்டியது. கூடுதல் காற்றை இறக்கிவிடச் சொன்னேன்; அங்கிருந்த தம்பியும் மறுக்காமல் நான்கு சக்கரங்களிலும் இறக்கினார். மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன் பார்த்தால் நான்கிலும் 29! ஓட்டத்தில் டயர் சூடாகி உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறுவது இயல்பு. தூணில் எழுதியிருப்பதோ குளிர்ந்த டயருக்கான அளவு, அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு பார்க்க வேண்டிய அளவு. சூட்டில் ஏறிய அழுத்தத்தை மிகை என்று நினைத்து, தேவையான காற்றையே நான் வெளியேற்றியிருக்கிறேன்.

அதன்பின் சொந்தமாக ஒரு கையடக்க மீட்டர் வாங்கி, மாதம் ஒரு முறை காலையில் பார்க்கிறேன். வெளி வெப்பநிலை சுமார் 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அழுத்தமும் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும் என்பதால், குளிர் தொடங்கும் மாதத்தில் மட்டும் சற்று அடிக்கடி பார்ப்பதுண்டு. ஐந்து பேரும் பெட்டிகளுமாகப் புறப்படும்போது, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அதே அட்டவணையில் முழுச் சுமைக்கென்று தனியாகக் கொடுத்திருக்கும் அளவுக்குப் பின் சக்கரங்களை ஏற்றிக்கொள்கிறேன். நைட்ரஜன் நிரப்பச் சொல்லிப் பலர் வற்புறுத்தினார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்பதால் எனக்கு அதில் ஆர்வம் எழவில்லை.

மறந்தது ஸ்டெப்னியை. போன மாதம் வெளியே எடுத்துப் பார்த்தபோது அதில் 18 தான் இருந்தது. எனக்குத்தான் இப்போது எல்லாம் தெரியுமே என்று 33 வரை நிரப்பி, வால்வு மூடியையும் திருகிவிட்டேன். திரும்ப உள்ளே வைக்கும்போதுதான் கண்ணில் பட்டது: அது தற்காலிகப் பயன்பாட்டுக்கான ஒல்லிச் சக்கரம், அதற்கு 60 பி.எஸ்.ஐ. வைக்க வேண்டும் என்று அதன் பக்கவாட்டிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது.