புதுப்பிப்பு: 1965 எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), எலக்ட்ரிக் ஃபேன் வேண்டாம் என்று முடிவு
போன இழையில் கேட்டது: பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் சூடேறும் எம்ஜிபி-க்கு எஞ்சினோடு சுழலும் ஒரிஜினல் ஃபேனைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போடலாமா?

ஃபேன் மட்டும் என்றால் சரி. ஆனால் அது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். காருக்கு மின்சாரம் தரும் டைனமோவின் உச்சமே 22 ஆம்பியர். ஐடிலில் (வண்டி நின்று எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது) அநேகமாக ஒன்றும் தராது, நமக்கு ஃபேன் தேவைப்படுவதோ அப்போதுதான். ஆக, டைனமோவுக்குப் பதில் ஐடிலிலும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போட வேண்டும். அதற்காக பாசிட்டிவ் எர்த்தை (பேட்டரியின் பாசிட்டிவ் முனை கார் பாடியோடு இணைந்திருப்பது) நெகட்டிவ் ஆக்க வேண்டும். இக்னிஷன் காயில் வயர்களை இடம் மாற்றுவது எளிது. டாக்கோமீட்டரை (எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் மானி) உள்ளே பிரித்து மாற்றாவிட்டால் அது ஓடாது. ஒரு ஃபேனுக்காக இத்தனை அசல் பாகங்களை இழப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை.

முதலில் கூலிங்கைப் பார்த்தோம். எஞ்சின் பிளாக்கின் பின்பக்கம் தண்ணீரை வடிக்கும் டிரெயின் டேப்பைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. கம்பியால் குத்தியதும் துருச்சேறு கொட்டியது. நாலாவது சிலிண்டரைச் சுற்றி அதுதான் அடைத்திருந்தது. ரேடியேட்டரின் உள்பகுதியான கோரும் புதிது. இப்போது நெரிசலிலும் வெப்பமானி முள் நடுவிலேயே நிற்கிறது.

அசலிலிருந்து விலகியது ஒன்றில்தான்: இ20 பெட்ரோலுக்குப் (20% எத்தனால் கலந்தது) பழைய ரப்பர் தாங்காது, எனவே ஃபியூயல் ஹோஸ் எல்லாம் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற எரிபொருள் ஹோஸ் தரம். கிளிப்புகள் பழைய பாணியிலேயே.