வயிற்று அமிலத்தை அளந்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தூங்காத ஆந்தை
நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. எண்டோஸ்கோப்பியில் புண் எதுவும் இல்லை. கடைசியில் 24 மணி நேர பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சோதனைக்கு எழுதிக்கொடுத்தார்கள். மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். சோதனையைவிட அந்த ஒரு வாரம்தான் கொடுமை!

மூக்கில் மரத்துப்போகும் ஜெல் தடவி, மெல்லிய குழாயை உள்ளே விட்டார்கள். தொண்டையைத் தாண்டும்போது மட்டும் குமட்டியது. "தண்ணியை முழுங்குங்க, முழுங்குங்க" என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். குழாயின் சென்சார் வயிற்றுக்குள் போகாது. உணவுக்குழாயின் கீழ் வால்வுக்கு 5 செ.மீ. மேலேயே நிற்கும். மீதிக் குழாயைக் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, இடுப்பில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டார்கள். சாப்பிட்டால் ஒரு பட்டன், படுத்தால் ஒரு பட்டன், எரிந்தால் ஒரு பட்டன்.

பிஎச் 4-க்குக் கீழே இருந்த நேரம் மொத்தத்தில் 4 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நான் எரிகிறது என்று பட்டன் அழுத்திய நேரங்களில் பெரும்பாலும் அங்கே அமிலமே இல்லை. உணவுக்குழாய் நரம்புகளின் கூருணர்வாக இருக்கலாம் என்று மருந்தையே மாற்றிவிட்டார்கள். இத்தனை நாள் அமிலத்தை அல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய லேப்காரன்
உங்களுக்குப் பார்த்தது அமிலம் மேலே ஏறுகிறதா என்று. வயிறு எவ்வளவு சுரக்கிறது என்பது வேறு சோதனை. இப்போது அது அரிது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அடிக்கடி செய்திருக்கிறேன்.

வெறும் வயிற்றில் வந்தவருக்கு மூக்கு வழியே குழாய் போட்டு, கொஞ்சம் தண்ணீரைச் செலுத்தி, அது முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்போம். வராவிட்டால் குழாய் சரியான இடத்தில் இல்லை. அப்புறம் ஒரு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒரு பாட்டில் வீதம் சாற்றை உறிஞ்சி எடுப்போம். எச்சிலை விழுங்காமல் துப்பச் சொல்லி ஒரு கிண்ணமும் கொடுப்போம். எச்சில் காரம், கணக்கைக் கெடுத்துவிடும். பிறகு அமிலச் சுரப்பைத் தூண்டிவிடும் பென்டாகாஸ்ட்ரின் ஊசி, உடல் எடையில் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். அதற்குப் பின் மறுபடியும் நான்கு பாட்டில். சிலருக்கு முகம் சிவந்து குமட்டும்.

எடுத்த சாற்றில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பீனால் ரெட் என்ற நிறங்காட்டி மஞ்சளிலிருந்து சிவப்புக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்துவோம். செலவான காரத்தின் அளவுதான் அமிலத்தின் அளவு. ஊசிக்கு முந்தைய சுரப்பே மணிக்கு 15 மில்லிஈக்விவலன்ட்டைத் (அமிலத்தை அளக்கும் அலகு) தாண்டினால், காஸ்ட்ரினை, அதாவது அமிலம் சுரக்கச் சொல்லும் ஹார்மோனைக் கொட்டும் கட்டி எங்காவது இருக்கிறதா என்று தேடுவார்கள்.

எங்களுக்கும் முந்தைய தலைமுறை அலர்ஜியின்போது உடம்பில் வெளிப்படும், வயிற்று அமிலத்தையும் தூண்டும் ஹிஸ்டமினையே ஊசியாகப் போட்டார்களாம். உடம்பு தாங்க வேண்டுமே என்று கூடவே அலர்ஜி மருந்தும் கொடுப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த மருந்து மற்ற விளைவுகளைத் தடுக்கும். வயிறு மட்டும் அசராமல் அமிலம் சுரக்கும். அப்படியானால் வயிற்றில் ஹிஸ்டமின் சாவிபோல் போய்ப் பொருந்தும் பூட்டு வேறாக இருக்க வேண்டும். அந்தப் பூட்டை ஆராய்ந்து மருந்து கண்ட ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு.

மூன்றாம் பெஞ்ச்
எனக்குக் குழாய் இல்லை, பிஎச் அளக்கும் கேப்சூல். எண்டோஸ்கோப்பியின்போதே உணவுக்குழாய்ச் சுவரில் பொருத்திவிட்டார்கள். விழுங்கும்போது ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அது தானாகக் கழன்று மலத்தோடு போய்விடும். ஒரு மாதத்துக்கு எம்ஆர்ஐ கூடாது என்றார்கள்.

மழைக்காலம்
என் கதை நேரெதிர். சாப்பிட்டதும் வயிறு உப்பும், ஏப்பம் வரும். அமிலம் அதிகம் என்று எல்லோரும் சொன்னார்கள். கூடவே சோகை, கால் விரல்களில் மரமரப்பு. ரத்தத்தில் பி12 மிகக் குறைவு; காஸ்ட்ரின் 1000-க்கு மேல். கட்டியோ என்று பயந்துபோனேன். எண்டோஸ்கோப்பியில் உறிஞ்சிய சாற்றின் பிஎச் 7-ஐ ஒட்டி இருந்ததும் மருத்துவருக்குப் புரிந்துவிட்டது. கட்டி என்றால் பிஎச் 2-க்குக் கீழே இருந்திருக்கும்.

என் நோயெதிர்ப்புச் சக்தியே அமிலம் சுரக்கும் செல்களை அழித்திருக்கிறது. பி12-ஐ உடம்பு சேர்த்துக்கொள்ள வேண்டிய புரதமும் அதே செல்களிலிருந்துதான் வருகிறதாம். அமிலம் இருந்தால் காஸ்ட்ரினுக்குக் கடிவாளம் விழும். எனக்கு அமிலமே இல்லாததால் அது ஏறிக்கொண்டே போயிருக்கிறது. இப்போது பி12 ஊசி. மரமரப்பு பாதிதான் குறைந்திருக்கிறது.

தூங்காத ஆந்தை
லேப்காரரே, மாத்திரையை நிறுத்திய வாரத்தில் மட்டும் ஏன் அப்படி எரிந்தது? அமிலம் அதிகமில்லை என்றுதானே ரிப்போர்ட்?

பழைய லேப்காரன்
எரிச்சலுக்கு உங்கள் நரம்பே காரணமாக இருக்கலாம். ஆனால் மாத்திரையை நிறுத்தினால் பலருக்குச் சுரப்பு கொஞ்ச காலம் எகிறும். மாத்திரை அமிலத்தை அடக்கும்போது காஸ்ட்ரின் கூடுகிறது. ஹிஸ்டமினை விடும் செல்களை அது நாளடைவில் வளர்த்துவிடும். மாத்திரை முடக்கிவைத்த புரோட்டான் பம்புகளுக்கு (செல்லிலிருந்து அமிலத்தை வெளியே தள்ளுபவை) பதில் புதியவை சில நாளில் வந்துவிடும்; பெருகிய செல்கள் அவ்வளவு சீக்கிரம் சுருங்காது. இனி நிறுத்துவதானால் மருத்துவரிடம் கேட்டு, அளவைப் படிப்படியாகக் குறையுங்கள்.