புதுப்பிப்பு: மின்தடைக்குப் பின் சம்பா பகிர்வு தெரியாத சிக்கல்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள எங்கள் கொலுசுப் பட்டறையில், மின்தடைக்குப் பின் லினக்ஸ் சர்வர் தானாகத் தொடங்கும்போது, கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் சம்பா (Samba) மென்பொருளின் பகிர்வு மற்ற கணினிகளில் தெரிவதில்லை என்றும், சேவையைக் கையால் மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடுகிறது என்றும் முன்பு எழுதியிருந்தேன். காரணம் இப்போது பிடிபட்டுவிட்டது.

சேவை இயங்குவதாகவே சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் அமைப்பு) காட்டியதுதான் குழப்பத்தின் வேர். திறந்திருக்கும் போர்ட்களைக் காட்டும் எஸ்எஸ் (ss) கட்டளையில் பார்த்தபோது, சம்பா பயன்படுத்தும் 445ஆம் போர்ட் 127.0.0.1 முகவரியில் (லூப்பேக், அதாவது சர்வர் தன்னோடு மட்டுமே பேசும் முகவரி) மட்டுமே திறந்திருந்தது. குறிப்பிட்ட நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்களில் (இணைப்புகளில்) மட்டும் இயங்குமாறு சம்பாவைக் கட்டுப்படுத்தியிருந்ததாலும், மின்சாரம் திரும்பியதும் ரவுட்டர் சர்வரைவிட மெதுவாகவே எழுவதாலும், ஐபி முகவரி கிடைக்கும் முன்பே தொடங்கிவிட்ட சம்பா, லூப்பேக்கை மட்டும் பற்றிக்கொண்டு நின்றிருக்கிறது.

சேவைக் கோப்பில், நெட்வொர்க் டார்கெட் (network.target) என்ற தொடக்கக் கட்டத்துக்குப் பின் தொடங்கு என்றிருந்தால் மட்டும் போதாது. முகவரி வரும்வரை அது காத்திருக்காது. ஆகவே தனி ஓவர்ரைடு கோப்பில் (மூலச் சேவைக் கோப்பைத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் போய்விடும்) நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டை (network-online.target, இணைப்பு தயாரான கட்டம்) ஆஃப்டர் (After), வான்ட்ஸ் (Wants) ஆகிய இரு வரிகளிலும் சேர்த்து, இணைப்பு தயாராகும்வரை காத்திருக்கும், முடக்கப்பட்டிருந்த நெட்வொர்க்மேனேஜர் வெயிட்-ஆன்லைன் சேவையையும் இயக்கினேன். டிஎச்சிபியை (ஐபி முகவரியைத் தானாக வழங்கும் முறை) நம்பியிருக்க வேண்டாம் என்று சர்வருக்கு நிலையான ஐபியும் கொடுத்தாயிற்று. மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். யாரும் கை வைக்காமலேயே டிசைன் கோப்புறை எல்லாக் கணினிகளிலும் திறந்தது.