ரிட்டாலியேஷன்: ‘பழிவாங்கல்’ போதுமா?

அன்புடையீர், வணக்கம்.

பணியிட உரிமைச் சட்டங்களுக்கான நம் சொற்பட்டியலில் பாகுபாடு, துன்புறுத்தல் என்ற இரண்டும் நிலைபெற்றுவிட்டன. புகார் கூறியதற்காக ஊழியருக்கு நிர்வாகம் தீங்கு செய்வதைக் குறிக்கும் ரிட்டாலியேஷன் என்பதற்கு மட்டும் பதிலடி, எதிர்நடவடிக்கை, பழிவாங்கல் என மூன்று சொற்கள் மாறிமாறி வருகின்றன. மூன்றுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து.

பதிலடி என்றால் முதல் அடியை ஊழியர் கொடுத்ததாகிவிடும். எதிர்நடவடிக்கையில் குற்றத்தின் சாயலே இல்லை. பழிவாங்கல் தொழிற்சங்கத்தாரின் நாவில் நெடுங்காலம் பழகிய சொல் என்பதால் அதைத் தள்ள எனக்கும் மனமில்லாதிருந்தது. சென்ற மாதம் ஒரு பின்னலாடை ஆலையின் பெண் தொழிலாளர்களுக்கு இந்த விதிகளை வாசித்துக் காட்டியபோது, முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, “பழி வாங்குறாங்கன்னா நான் அவங்களுக்கு ஏதோ கெடுதல் பண்ணியிருக்கணுமே? நடந்ததைத்தானே சொன்னேன்” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

சட்டமும் வஞ்சத்தை அளப்பதில்லை. அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம், பாகுபாட்டை எதிர்த்தவரையும் அது குறித்த விசாரணையில் சாட்சி சொன்னவரையும் காக்கிறது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்த பர்லிங்டன் நார்தர்ன் எதிர் வைட் வழக்கில், மேற்பார்வையாளர் மீது புகார் கூறிய ரயில்வே தொழிலாளியான ஒரு பெண், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலையிலிருந்து தண்டவாளக் கூலிவேலைக்கு மாற்றப்பட்டார். பின்னர் 37 நாள்கள் ஊதியமின்றி இடைநீக்கமும் செய்யப்பட்டார். அந்த ஊதியம் பிறகு அவருக்குக் கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும், இத்தகைய நடவடிக்கை நியாயமான எந்தத் தொழிலாளியையும் புகார் கூறத் தயங்கவைக்கக்கூடும் என்பதே அளவுகோல் என்று நீதிமன்றம் வகுத்து, அவர் பக்கம் தீர்த்தது. ஆகவே நம் சொல்லில் இருக்க வேண்டியது வாயடைக்கும் தண்டனை என்ற பொருள்.

இதற்கு நான் முன்வைப்பது எதிரொறுப்பு. ஒறுத்தல் என்பது தண்டித்தல்; மேலிருப்பவர் கீழிருப்பவருக்குச் செய்வது என்ற குறிப்பு அதிலேயே இருக்கிறது. எதிர் என்பது எதிரொலியில் போல, ஒன்றையடுத்து அதன் காரணமாக வருவதைச் சுட்டுகிறது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் ஒரு படி மேலே போய், ஊழியர் இனிமேல் புகார் கூறக்கூடும் என்று எண்ணி அவருக்குத் தீங்கு செய்வதையும் தடுக்கிறது (அச்சட்டம் விக்டிமைசேஷன் என்ற சொல்லை ஆள்கிறது). இன்னும் எதுவுமே செய்யாதவரிடம் பழிவாங்க என்ன இருக்கிறது? தமிழின் எதிர் இதற்கும் இடம்கொடுக்கிறது, ஏனெனில் எதிர்காலம், எதிர்பார்ப்பு ஆகியவற்றில் அது வரப்போவதையே குறிக்கிறது. இந்தப் பொருத்தம் கண்ணில் பட்ட பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது.

எதிரொறுப்புத் தடை, எதிரொறுப்புக்கு ஆளானவர் என்று தொடர்கள் இயல்பாக அமைகின்றன. மேடைப் பேச்சிலும் கோரிக்கை மனுவிலும் பழிவாங்கல் தொடரட்டும். அங்கே அதன் சூடு தேவை. சட்ட மொழிபெயர்ப்புக்கும் நிறுவன விதிகளுக்கும்தான் புதுச்சொல்லைக் கேட்கிறேன்.

வினைவடிவம் மட்டும் இடறுகிறது. ‘எதிரொறுத்தார்’ என்பது எனக்கே செவிக்கு இசையவில்லை. ‘எதிரொறுப்புச் செய்தார்’ போதுமா, வேறு வழி உண்டா என்று இலக்கணம் அறிந்தோர் சொல்ல வேண்டுகிறேன்.