பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியபின் தேடலில் சொற்கள் அகப்படவில்லை, உதவுங்கள்

பழங்கோப்பு:
வணக்கம் நண்பர்களே. அப்பா பல வருடங்களாகப் பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் கொடுத்த பழைய வகை) தட்டச்சு செய்த கட்டுரைகள் 212 வேர்டு கோப்புகளாக என்னிடம் இருக்கின்றன. அவருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது, எழுதியதைத் திரைவாசிப்பான் வழியாகக் கேட்க ஆசைப்படுகிறார். பழைய கோப்பை அப்படியே கொடுத்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாக வாசிக்கிறது, அதனால் பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதி, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியெண்கள் உள்ள யூனிகோடுக்கு மாற்றினேன்.

திரையில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் 'அவர்கள்' என்று தேடினால் ஒன்றுகூட வரவில்லை, கண்ணெதிரே பத்து இடத்தில் இருக்கிறது! 'கொடி'யும் அப்படித்தான். திரைவாசிப்பான் 'அவா' என்று நிறுத்தி, 'கள்' என்று தனியாகச் சொல்கிறது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன், வேறு மென்பொருளில் திறந்து பார்த்தேன், மூன்று இரவு போய்விட்டது.

நிரல்நேசி:
'கொடி' ஏன் அகப்படவில்லை என்று தெரிகிறது. ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ொ என்ற ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் (ெ) துணைக்காலும் (ா) தனித்தனியாக. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், தேடும் மென்பொருள் சிலவற்றுக்கு அது தெரியாது. என்எஃப்சி இயல்பாக்கம் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், பைத்தானில் அதற்கு ஒரு வரி போதும். ஆனால் ஒன்று கேட்கிறேன், ஆயத்தமாக மாற்றிகள் இருக்கும்போது நீங்களே ஏன் எழுதிக் கஷ்டப்படுகிறீர்கள்?

பழங்கோப்பு:
அப்பா இடையிடையே ஆங்கிலச் சொற்களும் எழுதியிருக்கிறார், நான் போட்டுப் பார்த்த மாற்றி அவற்றையும் தமிழ் எழுத்தாக்கிக் குழப்பிவிட்டது. தவிர, அவருடைய சொந்தக் கடிதங்களும் இதில் உண்டு, அவற்றை முன்பின் தெரியாத தளத்தில் ஒட்ட மனம் வரவில்லை.

நீங்கள் சொன்னபடி செய்தேன், 'கொடி' சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் 'அவர்கள்' அப்படியே இருக்கிறது. அதைவிட மோசம், இதுவரை நன்றாகத் தெரிந்த 'சேர்ந்து' இப்போது 'சோ்ந்து' ஆகிவிட்டது!

எழுத்தாணி:
பதறாதீர்கள், முதலில் மூலக் கோப்புகளை நகலெடுத்துத் தனியாக வையுங்கள். இரண்டுக்கும் ஒரே காரணம்தான்.

அச்சில் ர் என்றும் ரி என்றும் வரும்போது ரகரத்தின் கீழ்க்கோடு பெரும்பாலும் இருக்காது, பார்க்கத் துணைக்கால் மேல் புள்ளி வைத்தது போலத்தான் இருக்கும். அதனால் பாமினியில் தட்டச்சு செய்தவர்கள் ர் வேண்டிய இடத்தில் துணைக்காலையும் புள்ளியையும் அடித்தார்கள். உங்கள் கோப்பில் 'அவர்கள்' எப்படி இருக்கிறது என்று பாருங்கள்: எம், டி, எச், அரைப்புள்ளி, எஃப், எஸ், அரைப்புள்ளி. அந்த எச்தான் துணைக்கால். உங்கள் நிரல் அதை எழுத்துக்கு எழுத்து மாற்றி 'அவா்கள்' என்று வைத்துவிட்டது. கண் ஏமாறும், திரைவாசிப்பான் ஏமாறாது.

'சேர்ந்து' கெட்டதும் இதனால்தான். அங்கே இரட்டைக்கொம்பும் (ே) துணைக்காலும் அடுத்தடுத்து நிற்கின்றன, என்எஃப்சி அதை ஓகாரம் என்று எடுத்துச் சேர்த்துவிட்டது. இயல்பாக்கத்தின் மேல் தப்பில்லை, அதை நீங்கள் முன்கூட்டியே செய்துவிட்டீர்கள்.

ஆகவே வரிசை முக்கியம். எழுத்துகளை மாற்றியதும், கொம்புகளை இடம் மாற்றும் முன்பே, துணைக்காலை அடுத்துப் புள்ளியோ ி, ீ குறிகளோ வந்தால் அந்தத் துணைக்காலை ர ஆக்குங்கள். தமிழில் துணைக்காலுக்குப் பின் இவை வரவே வராது, துணிந்து மாற்றலாம். அப்புறம், பாமினியில் மெய்க்கு முன்னால் அடித்திருக்கும் கொம்புகளை அதற்குப் பின்னால் தள்ளுங்கள். கடைசியில்தான் என்எஃப்சி.

ஔகாரத்தையும் பாருங்கள். பழைய எழுத்துருக்களில் ளகரத்தையே போட்டு 'கௌரவம்' எழுதினார்கள், மாற்றினால் 'கெளரவம்' என்று வரும், என்எஃப்சி இதைத் தொடாது. ஒற்றைக்கொம்புக்குப் பின் வரும் ளகரத்துக்குப் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லையென்றால் அது ஔகாரம். 'தெளிவு', 'வெள்ளை' இதில் மாட்டாது. இந்த வேலையும் ர திருத்தத்துக்குப் பிறகுதான், இல்லையென்றால் 'பௌர்ணமி' தப்பிவிடும்.

நிரல்நேசி:
நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு வழி: கோப்புகளை லிப்ரே ஆபிஸில் திறந்து டாக்எக்ஸ் ஆகச் சேமியுங்கள். அது உள்ளுக்குள் எக்ஸ்எம்எல் கோப்புகள் அடங்கிய ஜிப் பொட்டலம்தான், ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துரு பெயர் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றுங்கள்.

பழங்கோப்பு:
வேலை செய்கிறது! 212 கோப்புகளையும் மறுபடி ஓட்டினேன். துணைக்காலை அடுத்துப் புள்ளி வரும் இடங்களை எண்ணச் சொன்னால் பூஜ்யம் என்கிறது. ஆங்கிலச் சொற்களும் பிழைத்துவிட்டன, இரண்டு கோப்புகளில் மட்டும் அப்பா ஆங்கிலத்தையும் பாமினி என்றே குறித்து வைத்திருக்கிறார், அவற்றைக் கையால் திருத்துகிறேன். நேற்றிரவு முதலாவது கட்டுரையைப் போட்டுக் கொடுத்தேன். பாதியில் நிறுத்தச் சொல்லி, 'இந்த இடத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது' என்றார். மூலத்தைத் திறந்து பார்த்தேன், 2004இல் அவரே விட்டுவிட்ட வரி. இப்போது சொல்லச் சொல்ல நான் அடித்துச் சேர்த்திருக்கிறேன்.