பழைய ஃபோர்ட்ரான் லிஸ்டிங்: 7-க்கும் 72-க்கும் என்ன கணக்குங்க?

பீளமேடு_பம்பு:
பம்பு இம்பெல்லர் டிசைனுக்கு எழுதுன ஃபோர்ட்ரான் 4 புரோகிராம் ஒண்ணு, வெறும் பிரிண்ட் தாளா இருக்குங்க. டைப் அடிச்சு ஜிஃபோர்ட்ரான் கம்பைலர்ல போட்டா வரிக்கு வரி எரர். லேபிள் (வரிக்கு முன்னாடி போடற எண்) இல்லாத வரியை எல்லாம் 6 இடம் தள்ளுனதும் கம்பைல் ஆயிருச்சு. இப்ப 1440 ஆர்பிஎம் குடுத்தா ஹெட் (தண்ணி ஏத்தற உயரம்) சரியா வருது. 1450 குடுத்தா தாள்ல இருக்கற விடையோட ஒத்துப்போகலை. அப்புறம், அப்ப ஒரு வரிக்கு ஒண்ணாக் குத்துன துளை அட்டைல 80 கட்டம் இருந்தும் 72-லயே ஏனுங்க நிறுத்துனாங்க?

நொய்யல்:
72 மெஷின் போட்ட கணக்குங்க. ஜான் பேக்கஸ் குழு 1957-ல ஃபோர்ட்ரானைக் குடுத்தது ஐபிஎம் 704 கம்ப்யூட்டருக்கு. அதுல ஒரு வேர்டு (மெஷின் ஒரு தடவைல கையாள்ற அளவு) 36 பிட். ரீடர் அட்டையைக் குறுக்கா, ஒரு வரிசைக்கு ரெண்டு வேர்டா படிக்கும். 36-ம் 36-ம் 72. மிச்ச 8 கட்டத்தை மெஷின் பாக்கறதே இல்லை, அதனால அங்க வரிசை எண் குத்துனாங்க.

முதல் 5 கட்டம் லேபிளுக்கு. முதல் கட்டத்துல ‘சி’ இருந்தா அந்த அட்டையே குறிப்பு மட்டும். 6-ல காலியோ சைபரோ இல்லாம வேற எது இருந்தாலும் முந்தின வரியோட தொடர்ச்சி. ஸ்டேட்மெண்ட் 7-ல இருந்துதான்.

ஒண்ணு கவனிங்க: 72-க்கு அப்புறம் இருக்கறதை ஜிஃபோர்ட்ரான் சத்தமில்லாம விட்டுரும். 12.5-ங்கறது 12-னு வெட்டுப்பட்டாலும் எரர் வராது. எல்லா வார்னிங்கையும் போட்டு ஒருக்கா கம்பைல் பண்ணுங்க. வரி நீளத்துக்கு வரம்பு இல்லாம விடற ஆப்ஷனும் இருக்கு, ஆனா தாள்ல இருந்த வரிசை எண்ணையும் சேர்த்து டைப் அடிச்சிருந்தா அதுவும் கணக்குக்குள்ள வந்துரும்.

சிறுமுகை_தறி:
தறில டிசைனுக்கான ஜக்கார்டு அட்டையைக் கயித்துல கோத்துத்தான் தொங்க விடறோம், வரிசை மாறவே மாறாது. கம்ப்யூட்டர் அட்டை உதிரி. கை தவறிக் கீழ விழுந்தா 300 அட்டையும் கலைஞ்சிரும். 73 முதல் 80 வரைக்கும் எண் இருந்தா சார்ட்டர் மெஷின்ல விட்டு அடுக்கிக்கலாம். அதையும் 10, 20-னு இடம் விட்டுத்தான் குத்துவாங்க, நடுவுல புது அட்டை சொருகோணுமில்ல.

அந்தியூர்:
1450-ல ஹெட் சுமார் 1.4 சதவீதம் கம்மியா வருதுங்களா? அப்படின்னா ‘என்’ங்கற வேரியபிளைப் பாருங்க. இங்கிலீஷ்ல ஐ முதல் என் வரைக்கும் எந்த எழுத்துல பேர் தொடங்குனாலும், தனியா அறிவிக்காட்டி ஃபோர்ட்ரானுக்கு அது முழு எண்தான். முதல் வெர்ஷன்ல இருந்தே இப்படித்தான். 1440-ஐ 60-ஆல வகுத்தா மிச்சமில்லாம 24. 1450-க்கு 24.17 வரோணும், முழு எண் வகுத்தல் பின்னத்தைத் தூக்கி வீசிட்டு 24-னே குடுக்கும். ஹெட் வேகத்தோட வர்க்கத்துல போறதால அந்த 0.7 சதவீதம் 1.4 ஆயிரும். 2880-லயும் மிச்சம் வராது, அதனால அங்கயும் தப்பு தெரியாது. தாள்ல ‘ரியல்’ (பின்ன எண்) அறிவிப்புல ‘என்’ இருக்கான்னு பாருங்க. ஒவ்வொரு சப்ரொட்டீன் தலைலயும் ‘இம்ப்ளிசிட் நன்’ போட்டா அறிவிக்காத பேரெல்லாம் மாட்டும்.

டூ லூப் (திரும்பத் திரும்ப ஓட்டற) வரிகள்ல கமாவையும் பாருங்க. ‘டூ 10 ஐ = 1, 10’-ல 1, 10-க்குப் பதிலா 1.10-னு அடிச்சா, ஃபோர்ட்ரான் இடைவெளியைக் கண்டுக்காதுங்கறதால, டூ10ஐ-னு ஒரு புது வேரியபிள்ல 1.10-ஐப் போட்டுட்டுப் போயிரும். லூப்பே ஓடாது. (நாசா விண்கலம் மாரினர் 1 இதனாலதான் போச்சுங்கறது கட்டுக்கதை. அங்க விட்டுப்போனது கையால எழுதுன சமன்பாட்டுல ஒரு மேல்கோடு.)

பீளமேடு_பம்பு:
1.4-தானுங்க. தாள்ல ‘ரியல்’ அறிவிப்பு ரெண்டு அட்டைல இருக்கு. டைப் அடிக்கறப்ப ஒரே வரியாச் சேர்த்துட்டேன். கடைசிக் கமா சரியா 73-ல விழுந்து, அதுக்கு அடுத்த ‘என்’னும் சேர்ந்து போயிருக்கு, எரரும் வரலை. ரெண்டாப் பிரிச்சு 6-ல ‘1’ போட்டதும் தாள்ல இருக்கற விடையே வருதுங்க.