கைக்குழந்தைக்கு டிபி: உங்கள் அனுபவம் என்ன?

அம்மாப்பேட்டை அம்மா:
பாப்பாவுக்கு அப்போது நாலாம் மாதம். இருமல் அவ்வளவாக இல்லை. லேசான காய்ச்சல் விட்டு விட்டு வரும், பால் குடிக்கும்போதே அசந்து தூங்கிவிடுவாள், எடை மட்டும் ஏறவே இல்லை. பக்கத்து கிளினிக்கில் சளி என்று ஆன்டிபயாடிக் சிரப்பை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பிறந்ததுமே டிபிக்கான பிசிஜி தடுப்பூசி போட்டாயிற்று, அதனால் டிபி பற்றி யாருக்கும் நினைப்பே வரவில்லை. அந்த ஊசி மூளையைத் தாக்கும் கடுமையான டிபியைத்தான் பெரும்பாலும் தடுக்குமாம்.

அப்புறம் பார்த்த குழந்தை டாக்டர், பாப்பாவைத் தொடும் முன்பே, "வீட்ல யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்காம்மா?" என்று கேட்டார். மாமனாருக்கு இருந்தது. தறித்தூசி என்பார். பேத்தி எப்போதும் அவர் மடியில்தான்.

டிபி பரிசோதனைக்குப் பெரியவர்கள் சளியைத் துப்பிக் கொடுப்பார்கள், குழந்தை விழுங்கிவிடும். அதனால் விடிகாலையில் பால் கொடுக்கும் முன் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு வயிற்று நீரை எடுத்தார்கள். பார்க்க மனசு தாங்காது, ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும். எக்ஸ்ரேயில் சந்தேகமாக இருந்தது இதில் உறுதியானது. மாமனாருக்கும் பாசிட்டிவ்.

மருந்து 6 மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்து, பிறகு மூன்று. தண்ணீரில் கரைகிற மாத்திரை, அரசாங்கத்தில் இலவசம். எடை ஏற ஏற டோஸும் மாறும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பதறாதீர்கள், அது அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் வேலை.

ஏற்காடு, கிராம செவிலியர்:
அந்த டாக்டர் கேட்டதை நாங்கள் தலைகீழாகக் கேட்போம் அக்கா. காபி எஸ்டேட் லைன் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு டிபி என்றால், அங்கே 5 வயதுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். நோய் இல்லை என்று டாக்டர் உறுதி செய்த குழந்தைக்கும் 6 மாதம் ஐசோனியாசிட் என்ற தடுப்பு மாத்திரை உண்டு. "நல்லா இருக்கற புள்ளைக்கு எதுக்கு சிஸ்டர் மாத்திர?" என்று சண்டைக்கு வருவார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கிருமி தொற்றினால் ஒரு வயதுக்குள்தான் அது நோயாக மாற வாய்ப்பு அதிகம், மூளைக்கும் சீக்கிரம் போய்விடும். சோர்ந்தே கிடப்பது, வாந்தி, வலிப்பு, உச்சிக்குழி புடைப்பது என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள், ராத்திரியே மலையிறங்கிவிடுங்கள்.

சூரமங்கலம் சித்தி:
என் தங்கைக்குப் பிரசவத்துக்கு அப்புறம் டிபி தெரிந்தது. தாய்ப்பாலை நிறுத்து என்று மாமியார் ஒரே பிடி. டாக்டர்தான் சத்தம் போட்டார்: பாலில் பரவாது, இருமும்போது காற்றில்தான் பரவும், மாஸ்க் போட்டுக்கொண்டு கொடு என்று. குழந்தைக்குத் தடுப்பு மருந்து, கூடவே வைட்டமின் பி6.